தாய் தள்ளிவிட்ட குட்டி

அன்புள்ள ஐயா,

வேலையை விட்டுவிட்டு நானும் கணவரும் சிறிய செம்மறிப் பண்ணை தொடங்கியிருக்கிறோம். போன வாரம் ஓர் ஆடு தலையீற்றில் இரட்டைக் குட்டி போட்டது. முதல் குட்டியை நக்கிப் பால் கொடுத்தது. இரண்டாவதை முட்டித் தள்ளியது. நடுங்கிய குட்டியை வீட்டுக்குள் தூக்கிவந்து, துண்டால் நன்றாகத் துடைத்து, புட்டியில் பால் கொடுத்தேன். மறுநாள் பட்டியில் விட்டால் தாய் கிட்டவே சேர்க்கவில்லை. பெற்ற தாய்க்கு இவ்வளவு கல்நெஞ்சா? இனி இந்தக் குட்டியை என்ன செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குட்டி பிழைத்ததில் மகிழ்ச்சி. ஆட்டை மட்டும் திட்டாதீர்கள். அதன் கணக்கில் அது யாரோ பெற்ற குட்டி. செம்மறி தன் குட்டியை அறிவது மோப்பத்தால். ஈன்ற முதல் சில மணி நேரத்தில், குட்டியின் மேலுள்ள பனிக்குட நீரை நக்கும்போதுதான் அந்த வாசனை அதற்குள் பதிகிறது. முதல் குட்டியை நக்குவதில் மூழ்கியிருந்த புதுத்தாய் இரண்டாவதைக் கவனிக்கவில்லை. நீங்கள் அந்த ஈரத்தையும் துடைத்துவிட்டீர்கள். மறுநாள் அதன் முன்னால் வந்து நின்றது உங்கள் வீட்டு வாசனை.

அடுத்த ஈற்றில் தாயையும் இரண்டு குட்டிகளையும் ஒரு சிறு தடுப்புக்குள் விடுங்கள். மூக்கையும் வாயையும் மட்டும் துடைத்துவிட்டுக் குட்டிகளைத் தாயின் முகத்தருகே வையுங்கள். தொப்புள் கொடியை அயோடினில் நனைத்துவிடுங்கள். இரு காம்புகளையும் ஒருமுறை பீய்ச்சிப் பாருங்கள்; மெழுகுபோல் ஓர் அடைப்பு இருக்கும், வலுவில்லாத குட்டியால் அதை உறிஞ்சி எடுக்க முடியாது. மடி வீங்கிச் சூடாக இருந்தால், வலி தாங்காமல்தான் தாய் உதைக்கிறது.

ஈன்றதும் சுரக்கும் முதல் பாலான சீம்பாலில் தாமதம் கூடாது. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கருப்பையில் கிடைப்பதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகிறது. அதை அப்படியே உறிஞ்சும் திறன் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான்; அதுவும் மணிக்கு மணி குறையும். எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லி என்று முதல் ஊட்டு, 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 200 மில்லி. நான்கு கிலோ குட்டிக்கு நாளில் 800 மில்லி ஆகிறது. தாயிடம் கறந்தே கொடுக்கலாம்.

குளிரில் விறைத்த குட்டியைக் கண்டதும் எல்லோரும் சூடேற்றும் விளக்கைத்தான் தேடுகிறார்கள். வெப்பமானியைத் தேடுங்கள். இயல்பான சூடு 39 முதல் 40 டிகிரி செல்சியஸ். பிறந்து ஐந்து மணி நேரம் கடந்து 37-க்குக் கீழே போன குட்டியிடம் உடம்பில் சேமித்த கொழுப்பு தீர்ந்திருக்கும். வயிறு காலியாக இருக்கச் சூடு மட்டும் ஏற்றினால் வலிப்பு வந்து இறந்துவிடும். தலையைத் தூக்க முடியாத குட்டியின் வாயில் பால் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் குளுக்கோஸ் ஊசி வேண்டும். அது கால்நடை மருத்துவரின் வேலை.

இப்போதுள்ள குட்டிக்கு வருவோம். ஒரு வாரம் கழிந்தபின் அந்தத் தாய் மனம் மாறும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வேறோர் ஆடு அண்மையில் குட்டியை இழந்திருந்தால் வழியுண்டு: இறந்த குட்டியின் தோலை உரித்து இதற்குச் சட்டையாகப் போட்டுவிடுவார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் மூக்கை நம்பும் தாய் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சில நாளில் தோலைக் கழற்றிவிடலாம்.

இல்லையென்றால் புட்டிதான். மடியில் மல்லாத்திப் பால் புகட்டாதீர்கள். நின்றபடி, கழுத்தை நீட்டிக் குடிக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும். இரண்டாம் வாரத்திலிருந்து இளம்புல்லும், தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் கொஞ்சமும் முன்னால் இருக்கட்டும். கொறிக்கக் கொறிக்கத்தான் அசைபோடும் வயிறு வளரும். வெள்ளாட்டுக்கான தாது உப்பை மட்டும் செம்மறிக்கு வைக்காதீர்கள், அதிலுள்ள தாமிரம் நஞ்சாகிவிடலாம்.

காலையில் தீவனம் வைக்கும் முன் பட்டியைச் சும்மா நின்று பாருங்கள். எழுந்ததும் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும் குட்டி பால் குடித்த குட்டி. கூனிக்கொண்டு நிற்பதன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டிக் கிடக்கும்.

குட்டியை வீட்டைவிட்டு இப்போதே மற்றக் குட்டிகளோடு சேர்த்துவிடுங்கள். கிடாவா பெட்டையா என்று நீங்கள் எழுதவில்லை. கிடா என்றால் நெற்றியைத் தடவியும் தள்ளியும் யாரும் விளையாட வேண்டாம். ஆள் பயம் இல்லாமல் வளர்ந்த கிடா, பெரிதானதும் முதலில் முட்டுவது புட்டி கொடுத்தவரைத்தான்.