சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் நேரமும், கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் 15,349 கி.மீ. என்று ஒரு கணக்கு சொல்கிறது. பறந்து முடித்த விமானத்தின் பதிவில் 16,000-க்கு மேல் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். 15,349 என்பது பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, அதாவது பெருவட்டத் தூரம். கையாலேயே சரிபார்த்துவிடலாம். இரு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கு இடையே ஏறக்குறைய 178 பாகை இருப்பதால், குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டியே போகும். சாங்கி வடக்கே 1.4 பாகை, ஜேஎஃப்கே 40.6. பூமத்தியரேகையிலிருந்து துருவம் தாண்டி மறுபக்கப் பூமத்தியரேகை வரை 180 பாகை; அதிலிருந்து இரண்டையும் கழித்தால் 138. பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 8,280, அதை 1.852-ஆல் பெருக்கினால் 15,335 கி.மீ. வெறும் 14 கி.மீ. வித்தியாசம்! விமானம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதில்லை, காற்றைப் பார்த்துப் போகிறது. அதனால்தான் பதிவில் தூரம் கூடுகிறது.

கேள்வி: மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம்தானே? என் டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் இருக்கிறது.

பதில்: டிக்கெட் நேரம் வாயிலிலிருந்து வாயில் வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது, ஏறி இறங்கும்போது வேகம் குறைவது, சுற்றிப் போகும் தூரம் எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: போகும்போது வால்காற்று (பின்னாலிருந்து தள்ளும் காற்று) என்றால், வரும்போது எதிர்காற்றாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: இந்தத் தடத்தின் அழகே இதுதான். இரு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால், இரு பயணத்திலும் கிழக்கு நோக்கியே பறக்க முடியும். போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழி; திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழி. உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று இரண்டிலும் முதுகில் தள்ளும். சில நாட்களில் அது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அதனால்தான் ஒரே விமானம் ஒரு நாள் சீக்கிரம் வருகிறது, மறுநாள் தாமதிக்கிறது.

கேள்வி: திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறுகிறேன். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு எந்த நாளில் டிக்கெட் போடுவது?

பதில்: புதன். செவ்வாய்க்குப் போட்டுவிட்டு ஏமாறுபவர்கள் நிறையப் பேர். 18 மணி 50 நிமிடப் பயணம் என்று வைத்துக்கொண்டால், இறங்கும்போது நியூயார்க்கில் செவ்வாய் மாலை 4.50. குளிர்காலத்தில் சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னால், ஆக புதன் காலை 5.50. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்வதால் வித்தியாசம் 12. அப்போது 4.50. டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 (புறப்பட்ட நாளிலிருந்து இரண்டு நாள் கழித்து) என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஜேஎஃப்கேக்குப் பதில் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் விமான நிலையம் போனால் தூரம் குறையுமா?

பதில்: 5 கி.மீ. குறையும், அவ்வளவுதான். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: நேரடி விமானத்தில் எகானமி ஏன் இல்லை?

பதில்: எடைதான் காரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் விடும் மிக நீண்ட தூர விமானமான ஏ350-900யூஎல்ஆர் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதைச் சுமக்க ஆளைக் குறைக்க வேண்டும். மொத்தம் 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமிதான் வேண்டுமென்றால் அதே நிறுவனம் ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக விடும் விமானத்தைப் பாருங்கள். தூரம் சுமார் 16,500 கி.மீ., இடைநிறுத்தத்தோடு 23 முதல் 24 மணி நேரம் ஆகும்.