குஞ்சராப் கணவாய்: அம்மாவை ஒரே நாளில் ஏற்றாதீர்கள்

வணக்கம் சகோதரரே. திருகோணமலையிலிருந்து அறுபது வயதைத் தாண்டிய தாயாருடன் செல்லும் நீங்கள், பாகிஸ்தானின் கில்கிட்டிலிருந்து சீனாவின் காஷ்கர் நோக்கிய பழைய பட்டுப்பாதையில் குஞ்சராப் கணவாயை ஒரே மூச்சில் கடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடல் மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய உடல், சுமார் 1,500 மீற்றரிலுள்ள கில்கிட்டிலிருந்து ஏறத்தாழ 4,700 மீற்றர் உயரமான கணவாய்க்கு ஒரே நாளில் ஏறும்போது, ஒட்சிசன் குறைவால் தலையிடி, குமட்டல், மூச்சுத்திணறல் என்று அவதிப்பட நேரலாம். வழியிலுள்ள ஹுன்சாப் பள்ளத்தாக்கின் கரிமாபாத்தில் இரண்டு இரவுகளும், கணவாய்க்கு முன்னுள்ள சோஸ்ட் என்ற ஊரில் ஓர் இரவும் தங்குங்கள். கணவாயில் படமெடுக்க இறங்கினாலும் அம்மாவை மெதுவாகவே நடக்க விடுங்கள். தலையிடி கூடி நடை தடுமாறினால், மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே கீழிறங்கி, மருத்துவ உதவியை நாட வேண்டும். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க எடுக்கும் அசற்றசோலமைட் மாத்திரை அவருக்குப் பொருந்துமா என்பதை, அவர் இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் மருந்துகளைக் காட்டி, ஊரிலேயே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.