பள்ளிக்கு விடுமுறை, அக்காவுக்கு டூட்டியா?

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். ஃப்ளூ காய்ச்சல் பரவுகிறது என்று பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளைத் திடீரென்று பத்து நாள் மூடிவிட்டார்கள். மகள் ஒன்பதாவது, மகன் மூன்றாவது. எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட், ஐந்தரைக்கே கம்பெனி பஸ். கணவர் தக்காளி லோடு ஓட்டுகிறார். சாயங்காலம் போனால் காலை ஒன்பதுக்குத்தான் வருவார். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வீட்டில் தெலுங்குதான் பேசுவோம், பையனுக்குத் தமிழ் வாசிப்பு இப்போதுதான் வருகிறது. அது விட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

பதில்: படிப்புக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் ஐந்தரைக்கு பஸ் ஏறிவிடுகிறீர்கள். கணவர் ஒன்பதுக்கு வந்து அசந்து தூங்குவார். மாமியாரால் பையன் பின்னால் ஓட முடியாது. அப்படியானால் இந்தப் பத்து நாளும் வீட்டை நடத்தப் போவது யார்? உங்கள் மகள். கடிதத்தில் அவளைப் பற்றி ‘ஒன்பதாவது’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் வரும் அம்மாக்கள் பலரும் ‘அக்கா பார்த்துக்குவா டாக்டர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அவள் உதவட்டும், தப்பில்லை. ஆனால் நேரம் வைத்து உதவட்டும். கணவர் ஒரு மணிவரை தூங்கினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பாட்டியும் மகளும் பையனைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணிக்கு மேல் நீங்கள் வரும்வரை பையன் அப்பா பொறுப்பு. அந்த நேரம் முழுக்க மகளுடையது. படிக்கலாம், சும்மாவும் படுத்துக் கிடக்கலாம். போனும் அப்போது அவள் கையில் இருக்கட்டும். ‘அப்பா வீட்டில்தானே இருக்கிறார்’ என்று நினைக்கும் காலை நேரத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன. தூங்குகிறவர் காவல் ஆகமாட்டார்.

விபத்து என்றதும் வண்டியை நினைக்காதீர்கள். பள்ளி இல்லாத நாளில் நம் பக்கத்துப் பையன்களுக்கு ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு எல்லாருக்கும் தெரியும். பாலித்தீன் தாள் விரித்த பண்ணைக்குட்டை அதைவிட மோசம். இடுப்பளவுதானே என்று இறங்கினால் தாள் வழுக்கும், ஏறிவரப் பிடிமானம் கிடையாது. ஒருவன் வழுக்கினால் தூக்கிவிடப் போன இன்னொருவனும் சேர்ந்து போவான். பெரியவர் துணை இல்லாமல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று நீங்கள் சொன்னால் கேட்கமாட்டான், அப்பா ஒருதரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிச் சொல்லட்டும். அப்படியே தக்காளிக்கு அடிக்கிற மருந்து கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இன்றே பூட்டுப் போட்ட இடத்துக்கு மாற்றுங்கள்.

இப்போது காய்ச்சல். ஃப்ளூ தொற்றினால் பெரும்பாலும் ஒன்று முதல் நாலு நாளுக்குள் தெரிந்துவிடும். தெரிவதற்கு ஒருநாள் முன்பே அடுத்தவருக்குப் பரவவும் தொடங்கிவிடும். அதனால் முதல் நாலு நாள் பையன் பாட்டியோடு படுக்க வேண்டாம், ஒரே தட்டில் சாப்பிட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சர்க்கரை உள்ள பெரியவர்களை இந்தக் காய்ச்சல் பிள்ளைகளைவிடக் கடுமையாகத் தாக்கும். பாட்டிக்குக் காய்ச்சல் தொட்டால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பையனுக்கு மூச்சு வேகமாக வாங்கினால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், எழுப்பியும் சரியாக முழிக்காமல் கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஷிப்ட் நேரத்தில் உங்களைப் பிடிக்க ஒரு நம்பரும் அதில் இருக்கட்டும். இன்னொன்று, பள்ளி மூடியிருக்கிறதே என்று டியூஷனுக்கு அனுப்பாதீர்கள். அதே இருபது பிள்ளைகள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தால் பள்ளியை மூடியதில் அர்த்தமே இல்லை.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சத்துணவு நின்றால் முட்டையும் நிற்கும், அதை மட்டும் வீட்டில் ஈடுகட்டுங்கள். மற்றபடி களியும் கீரையும் கொள்ளும் நம் ஊரில் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மகளுக்குப் பள்ளியில் வாராவாரம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் நாப்கினும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். இதை அவளாகக் கேட்கமாட்டாள்.

சரி, படிப்பு. நான் டீச்சர் இல்லை, என் மருத்துவ அனுபவத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்பத்தான், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுப் பக்கமே வந்து சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’யை அரசு கொண்டுவந்தது. பத்து நாள் அப்படி இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் பாடம் பாதி விட்டுப்போனாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வேகமாக மறக்கும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம். நாலு நாள் கழிந்ததும் அவன் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்து, தெலுங்கில் அர்த்தம் சொல்லட்டும். தினமும் கால்மணி நேரம் போதும். பாட்டி புரியவில்லை என்றால் அவனுக்கும் புரியவில்லை என்று அர்த்தம். கணக்குக்கு அப்பாவின் லோடு இருக்கவே இருக்கிறது. ஒரு கிரேட், அதாவது தக்காளிப் பெட்டி, 25 கிலோ என்றால் நாலு கிரேட் எத்தனை கிலோ?

பத்து நாள் நீண்டு மாதக்கணக்கானால் மட்டும் மகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ‘சும்மாதானே இருக்கா’ என்று தோட்டக் கூலிக்குக் கூப்பிடுவதில் ஆரம்பிக்கும். அப்புறம் மாப்பிள்ளைப் பேச்சு வரும். கொரோனா காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதுதான் நடந்தது. 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர்களே நெருக்கினாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போதும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், அவளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

வேலையை விட வேண்டாம். பத்து நாளுக்காக விட்ட வேலை பதினோராம் நாள் திரும்பக் கிடைக்காது. இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். காலையில் நீங்களே வீட்டில் இருக்கலாம், அவரும் நன்றாகத் தூங்கலாம். ஆனால் அவர் வண்டி எடுத்தபின் நீங்கள் வரும்வரை இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு பெரியவர் துணை கிடைத்தால் மட்டும் மாறுங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன ஒரு மணிக் கணக்குதான். எதுவானாலும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று சாயங்காலம் லோடு ஏற்றப் போவதற்குள் உட்காரவைத்துப் பேசுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.