கொடுத்தாலும் அதே கட்டணம்

(வாசகர்களின் கடல் கேள்விகளுக்கு, சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஒருவரையொருவர் நம்பாத நாடுகள், கடலைச் சுத்தமாக்க மட்டும் ஒன்றுகூடியது உண்டா?
– வாசகர், காரைக்கால்

உண்டு, வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில். 1974-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கரையோர நாடுகள் ஏழும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சோவியத் ஒன்றியமும் அதில் இருந்தது. மேற்கு ஜெர்மனியும் கிழக்கு ஜெர்மனியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. பெர்லின் சுவர் நின்றுகொண்டிருந்த காலம் அது!

நல்லெண்ணத்தில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பால்டிக்கின் சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர்தான். பெருங்கடலோடு அதை இணைப்பவை டென்மார்க் அருகே உள்ள குறுகிய நீரிணைகள் மட்டுமே. உள்ளே இருக்கும் தண்ணீர் முழுதாக மாற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடிக்கும். நான் பின்லாந்துக் கரையில் அதை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்பு லேசாகத்தான் உறைக்கும். ஒரு வீட்டுக்காரர் கழுவி ஊற்றுவது அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும் முற்றம் அது.

கேள்வி: கையெழுத்துப் போட்டதும் கப்பல்காரர்கள் திருந்திவிட்டார்களா? நீங்களும் கப்பல்காரர்தானே, மனச்சாட்சியோடு சொல்லுங்கள்.
– வாசகி, தூத்துக்குடி

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். கப்பலின் கனரக எரிஎண்ணெயைச் சுத்திகரிக்கும்போது தார் போன்ற கசடு தினமும் சேரும். என்ஜின் அறையின் அடியில் எண்ணெய் கலந்த தண்ணீர் வேறு தேங்கும். துறைமுகத்தில் ஒப்படைத்தால் அளவுக்கு ஏற்றபடி பணம் கேட்பார்கள். கடலில் விட்டால் செலவே இல்லை. இரவில் வால்வைத் திறக்கச் சொன்ன ஒரு தலைமை என்ஜினியரின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். அப்போது நான் சின்னப் பையன், வாய் திறக்கவில்லை. எந்தக் கப்பல் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பால்டிக் நாடுகள் இந்தக் கணக்கையே மாற்றின. கழிவை ஒப்படைப்பதற்கான தொகையைத் துறைமுகக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டார்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே பணம். கட்டிய காசை யாராவது விடுவார்களா? கசடு தானாகக் கரைக்கு வந்தது. மேலே கண்காணிப்பு விமானங்களும் பறந்தன. 1989-ல் விமானங்களிலிருந்து ஓராண்டில் பார்த்த எண்ணெய்ப் படலங்கள் 700-க்கும் மேல். சமீப ஆண்டுகளில் அதில் ஒரு சிறு பங்குதான். என்னைக் கேட்டால், ஒப்பந்தத்தின் கையெழுத்துகளைவிட அந்தக் கட்டண ரசீதுக்குத்தான் மாலை போடுவேன்.

கேள்வி: பக்கத்து நாட்டுச் சாக்கடைக்கு நம் காசு எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லையா? இப்போது ரஷ்யா போரில் இருக்கிறதே, ஒப்பந்தம் என்ன ஆயிற்று?
– வாசகர், நாகர்கோவில்

கேட்காமல் இருப்பார்களா! ஆனால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பெரிய நகரம். 1970-களின் பிற்பகுதி வரை அதன் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே கடலுக்குப் போனது; பிறகும் ஒரு பகுதி அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஏற்கனவே சுத்திகரிக்கும் பின்லாந்து நகரங்களில் பாசியை வளர்க்கும் பாஸ்பரஸை மேலும் ஒரு கிலோ பிடிப்பதைவிட, அங்கே பிடிப்பது பல மடங்கு மலிவு. அதனால் பின்லாந்தும் ஸ்வீடனும் பணம் போட்டன. நகரின் தென்மேற்குச் சுத்திகரிப்பு நிலையம் 2005-ல் திறக்கப்பட்டது.

உக்ரைன் போர் தொடங்கிய 2022-லிருந்து மற்ற நாடுகள் ரஷ்யாவோடு ஒரே மேசையில் உட்காருவதில்லை. ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா விலகவும் இல்லை. வேலை கடிதப் போக்குவரத்தில் நொண்டியடிக்கிறது.

கடலோ இன்னும் பழைய பாக்கியைத் தீர்க்கவில்லை. வயல் உரமும் சாக்கடையும் கொண்டுவந்த பாஸ்பரஸ் அடிச் சேற்றில் கிடக்கிறது; பிராணவாயு குறைந்தால் மறுபடி மேலே வருகிறது. வெயில் ஏறும் ஜூலையில் நீலப்பச்சைப் பாசி பட்டாணி சூப் போலப் பரவும். அந்த நாட்களில் நாயைக் கடலில் இறக்காதீர்கள் என்று எச்சரிப்பார்கள். நக்கினால் நஞ்சு.