வாசகர் கேள்வி பதில்: விண்டோஸ்ல மட்டும் ஏன் கேள்விக்குறி?

கேள்வி: சி பிளஸ் பிளஸ்ல ஒரு டெஸ்க்டாப் ஆப் எழுதியிருக்கேன். லினக்ஸ், மேக் ரெண்டுலயும் தமிழ்ப் பேர் வெச்ச ஃபைலை நல்லா திறக்குது. விண்டோஸ் பில்ட்ல மட்டும் பேர் முழுக்க கேள்விக்குறியா வந்து, ஃபைலே இல்லைங்குது. கோட் ஒண்ணுதானே?

பதில்: கோட் ஒண்ணுதாங்க, ஆனா சிஸ்டம் உங்க ஆப் கையில பேரைக் குடுக்கிற விதம் வேற. லினக்ஸும் மேக்கும் யூடிஎஃப்-8லயே (எல்லா மொழி எழுத்தும் இருக்கிற யூனிகோடை பைட்டா எழுதற முறை) குடுத்துடும். விண்டோஸ் உள்ளுக்குள்ள யூடிஎஃப்-16 (அதே யூனிகோடுக்கு இன்னொரு முறை), புரோகிராம் தொடங்கற சாதாரண மெயின் ஃபங்ஷனுக்கு அதை பழைய கோட் பேஜுக்கு (சில மொழி எழுத்து மட்டும் இருக்கிற எழுத்துப் பட்டியல்) மாத்தித்தான் அனுப்பும், அந்த பழைய கோட் பேஜ் எதுலயுமே தமிழ் கிடையாது, அதான் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி. அப்படி ஆனப்புறம் அசல் பேரை மீட்கவே முடியாது, அதனால கோட்ல கீழ எங்கயோ கன்வெர்ட் பண்ணிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க. விண்டோஸ் 10ல 1903 வெர்ஷன்லேர்ந்து ஆப்போட மேனிஃபெஸ்ட்ல (ஆப் எப்படி ஓடணும்னு விண்டோஸுக்குச் சொல்ற சின்ன ஃபைல்) ஆக்டிவ் கோட் பேஜ் யூடிஎஃப்-8னு எழுதிட்டா போதும். அதுக்கு முந்தின வெர்ஷனும் ஓடணும்னா பேரை யூடிஎஃப்-16லயே வாங்கிக்கிற விண்டோஸ் ஃபங்ஷன்கள், அதாவது வைட் ஏபிஐதான் வழி. ஆனா வைட் கேரக்டர் விண்டோஸ்ல 2 பைட், மத்த ரெண்டுலயும் 4 பைட், அதை அப்படியே ஃபைல்ல எழுதி வெச்சிடாதீங்க.

இன்னொண்ணு, மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு யூடிஎஃப்-8 ஸ்விட்சை பில்ட் ஃபைல்லயே போட்டுடுங்க. பிஓஎம் (இது யூனிகோட்னு ஃபைல் தொடக்கத்துல சொல்ற குறி) இல்லாத சோர்ஸை அது மெஷினோட கோட் பேஜ்னு நினைச்சுப் படிக்கும், முன்னாடி எல் போட்ட (வைட் கேரக்டர்) தமிழ் ஸ்ட்ரிங் எல்லாம் குப்பையாயிடும். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள்ல இந்தத் தொல்லை இல்ல.

கேள்வி: பழைய மேக் டிஸ்க்ல "கொடி"னு ஒரு ஃபைல் கண்ணு முன்னாடியே இருக்கு, என் ஆப்ல தேடினா வரல. ஏன்?

பதில்: ஒகரக் குறியை யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், எகரக் கொம்பு பிளஸ் கால்னு ரெண்டாவும் எழுதலாம். பார்க்க ரெண்டும் ஒண்ணு, பைட் வேற. பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் (மேக்கோட முந்தைய ஃபைல் சிஸ்டம்) டிஸ்க் பேரைப் பிரிச்சு ரெண்டாத்தான் வெச்சிருக்கும், நீங்க கீபோர்டுல அடிக்கிறது பெரும்பாலும் ஒண்ணா வரும், அப்புறம் எப்படிப் பொருந்தும்? ஒப்பிடும்போது ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சிக்கு (பிரிஞ்ச குறியை ஒண்ணாச் சேர்க்கிற யூனிகோட் வடிவம்) மாத்திட்டு ஒப்பிடுங்க. ஃபைலைத் திறக்கும்போது மட்டும் சிஸ்டம் குடுத்த பேரை ஒரு பைட்கூட மாத்தாம அப்படியே குடுங்க, லினக்ஸ்ல பேர்ங்கிறது வெறும் பைட்தான், நீங்க மாத்தினா அது வேற ஃபைல்.