ஊர்ப் பட்டியல் யாருடையது? அரசுக் கணினிமயம் பற்றிக் கேள்வி பதில்

அரசுத் துறைகளில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் ஏன் தாளை விட்டு இறங்க மறுக்கிறது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நல்லம்பள்ளி, இளநிலை உதவியாளர்: மேடம், இது எங்கள் தலையில் ஏறப்போகும் இன்னொரு மென்பொருளா?

இல்லை. எந்த வேலை எந்தத் துறையுடையது, அதற்கு வேண்டிய தகவல் எந்தப் பதிவேட்டில் பிறக்கிறது, எந்த மென்பொருள் அதைத் தொடுகிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்து, அதன்படி நடப்பது. எழுதுவது சுலபம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் இதற்கென்று 'இண்ட்-இஏ' என்ற வழிகாட்டிச் சட்டகத்தையே வெளியிட்டுவிட்டது. அமெரிக்கா 1996இல் கிளிங்கர்-கோஹன் சட்டத்தின் மூலம் துறைகளின் தலைமைத் தகவல் அதிகாரிகள் மீது இந்தப் பொறுப்பைச் சுமத்தியது. அதன் பிறகும் அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் பல ஆண்டுகள் குறை எழுதிக்கொண்டே இருந்தது. ஆக, ஆவணப் பஞ்சம் நம் நோய் அல்ல.

பர்கூர், பொறியியல் மாணவர்: டோகாஃப் என்ற ஆர்க்கிடெக்சர் முறையில் சான்றிதழ் எடுத்தால் அரசுத் திட்டங்களில் வேலை கிடைக்குமா?

படியுங்கள் தம்பி, கெடுதல் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வாரம் வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்று, மனு எழுதுபவர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள்.

அஞ்செட்டி வட்டம், கிராம நிர்வாக அலுவலர்: பட்டா கணினியில் இருக்கிறது, பத்திரம் கணினியில் இருக்கிறது, ரேஷன் அட்டையும் கணினியில் இருக்கிறது. ஆனாலும் மக்கள் ஒவ்வொரு மனுவுக்கும் அதே நகல்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏன் மேடம்?

இன்று வந்தவற்றில் நல்ல கேள்வி இதுதான். மூன்றும் கணினியில் இருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஊர் இல்லை, பொதுவான ஆளும் இல்லை.

முதலில் ஆள். பட்டாவில் தந்தை பெயர் தனியாக நிற்கும். வங்கிக் கணக்கில் அது இனிஷியலாகி முன்னால் ஏறும். ஆதாரில் சிலருக்குப் பின்னால் தொங்கும். தெலுங்கும் கன்னடமும் பேசும் உங்கள் பக்கத்தில் ஒரே வெங்கடேசப்பா நாலு எழுத்துக்கூட்டலில் வருவார். கணினிக்கு அவர் நாலு பேர்.

ஊர் இன்னும் மோசம். வருவாய்த் துறைக்கு வருவாய் கிராமம், ஊரக வளர்ச்சித் துறைக்கு ஊராட்சி, பதிவுத் துறைக்குச் சார்பதிவகம், கல்வித் துறைக்குப் பள்ளிகளின் யூடைஸ் எண். இந்த எல்லைகள் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. போதாக்குறைக்கு எல்லைகள் நகரவும் செய்கின்றன. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. உங்கள் வட்டமே தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்ததுதான். உங்கள் பகுதியில் 1990இல் பதிவான பத்திரம் தருமபுரி மாவட்டம் என்றுதான் சொல்லும், அதில் தவறில்லை. எனவே ஊர்க் குறியீட்டோடு அது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மனிதர்தான் பாலமாக நிற்க வேண்டும். உங்களிடம் நகலோடு வருகிறவர் அந்தப் பாலம்தான்.

பென்னாகரம், ஊராட்சிச் செயலர்: அப்படியானால் ஊராட்சியையே அடிப்படையாக வைத்துவிடலாமே? வீட்டு வரி, குடிநீர், வேலைத் திட்டம் எல்லாவற்றுக்கும் மக்கள் எங்களிடம்தான் வருகிறார்கள்.

அஞ்செட்டி, கி.நி.அ.: நிலம் எங்கள் அடங்கல் பதிவேட்டில் இருக்கிறது. புல எண்ணை ஊராட்சியில் தேட முடியுமா?

பென்னாகரம், ஊராட்சிச் செயலர்: நிலமில்லாதவர் எத்தனை பேர்! அவர்களை எந்தப் புல எண்ணில் தேடுவீர்கள்?

ஓசூர், மென்பொருள் நிறுவன ஊழியர்: நாங்கள் 2019இல் மாநகராட்சியாகிவிட்டோம். எங்களுக்கு ஊராட்சியும் இல்லை. வார்டை வையுங்கள்.

மூவரும் நிறுத்துங்கள். தலைமைச் செயலகக் கூட்டங்களிலும் இதே சண்டைதான் நடக்கும். அங்கே டீ மட்டும் நன்றாக இருக்கும். யாரும் தம் பட்டியலைக் கைவிட வேண்டாம். எந்த வருவாய் கிராமம், எந்த ஊராட்சி அல்லது வார்டு, எந்தச் சார்பதிவகம் என்று பொருத்தும் ஒரு அட்டவணை போதும். பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு (எல்ஜிடி) என்ற பட்டியல் ஊர்களுக்கெல்லாம் குறியீடு கொடுத்திருக்கிறது. அதையே முதுகெலும்பாகக் கொள்ளலாம். எல்லை மாறினால் அந்த அட்டவணையைத் திருத்தக் கையெழுத்திடுபவர் யார்? இதற்குப் பெயரும் பதவியும் எழுதாத ஆர்க்கிடெக்சர், எத்தனை வண்ணப் படம் இருந்தாலும், அறிக்கைதான்.

பாலக்கோடு, பட்டதாரி: டோகாஃப் படித்தால் சம்பளம் எவ்வளவு?

மேலே பர்கூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர், அதே ஊழியர்: குறைந்த விலைக்கு டெண்டர் கொடுக்கும் முறைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்கிறேன்.

பாதிதான் உண்மை. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஊழலைத் தடுக்க வந்தது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு துறையும் தன் திட்ட நிதியில் தனக்கென்று வாங்குகிறது. பொதுவான அட்டவணைக்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் பணம் இல்லை. கெடுப்பது அதுதான். அதோடு, எந்தத் தகவல் எங்கே, எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற தரவு அமைப்பு விளக்கத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லையென்றால், ஐந்தாண்டு கழித்து உங்கள் நிறுவனத்திடமே கெஞ்ச வேண்டியிருக்கும். அட்டவணையைத் திருத்தும் கையெழுத்து யாருடையது என்பதை ஒப்பந்தத்திலும் கேளுங்கள்.

காரிமங்கலம், தட்டச்சர்: பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. தேடினால் கிடைப்பதில்லை.

2010லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு ஆணையிட்டது. மாற்றி மென்பொருள் கொண்டு மாற்றுங்கள். பெயர்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள்.

அரூர், பெயர் வேண்டாம் என்றவர்: டோகாஃப்...

அடுத்தவர்.

ஊத்தங்கரை, உதவியாளர்: பணமும் இல்லை, ஆலோசகரும் இல்லை. எங்கே தொடங்குவது?

உங்கள் அலுவலகத்துக்கு அதிகம் வரும் மனுவை எடுங்கள். அதோடு இணைக்கச் சொல்லும் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே, அதைக் கொடுத்த அலுவலகத்தை எழுதுங்கள். அரசே கொடுத்த தாளை அரசே திரும்பக் கேட்கும் இடங்கள் வரிசையாகத் தெரியும். அந்தப் பக்கத்தை உங்கள் அதிகாரி மாறுதலாகிப் போவதற்கு முன் கோப்பில் ஏற்றி ஒப்பம் வாங்கிவிடுங்கள்; இல்லையென்றால் அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்கச் சொல்லுவார்.

கி.நி.அ.வும் ஊராட்சிச் செயலரும் ஆளுக்கொரு ஊர்ப் பட்டியல் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஊருக்கு ஒரே தாளாக, உங்கள் பக்கத்து அலுவலகத்துக்காரரின் ஒப்பத்தோடு அனுப்புங்கள். ஒற்றைக் கையெழுத்தோடு வந்தால் திறக்க மாட்டேன்.