செவிலியர்கள் இன்னும் தாளில்தான் எழுதுகிறார்கள் என்றால்

நோயாளி விவரங்களைப் பதிய மருத்துவமனைக்குப் புது மென்பொருள் வந்தும் செவிலியர்கள் தாளில் எழுதிவைத்து, ஷிப்ட் முடியும்போதுதான் கணினியில் ஏற்றுகிறார்கள், இன்னொரு பயிற்சி வகுப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, நேரம்தான் இல்லை.

ஒருநாள் காலை மருந்து கொடுக்கும்போது கூடவே நடந்து பாருங்கள். கணினி செவிலியர் மேசையில் இருக்கும், நோயாளி கடைசிக் கட்டிலில் இருப்பார். ரத்த அழுத்தம் பார்த்தவர் அந்த எண்ணைக் கையுறைப் பெட்டியின் மேல் கிறுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். மேசைக்குத் திரும்பினால் கடவுச்சொல், அப்புறம் பெயரைத் தேட வேண்டும், அப்புறம் நாலு திரை. தள்ளுவண்டியில் கணினி, அடையாள அட்டையைத் தொட்டால் திறக்கும் வசதி, இந்த இரண்டுக்கும் முதலில் பணம் கேளுங்கள்.

நிர்வாகம் இதைச் சின்ன விஷயமாக நினைத்தால், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை பற்றி 2005-ல் வந்த ஆய்வைக் காட்டுங்கள். மருத்துவர்கள் மருந்து, சிகிச்சை உத்தரவுகளை எழுதுவது கணினிக்கு மாறிய பிறகு, வேறு மருத்துவமனைகளிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது. குழந்தை வந்து சேரும் முன்பே உத்தரவைப் பதிய முடியாமல் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதேபோல் கணினிக்கு மாறிய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையிலோ இறப்பு கூடவில்லை. அங்கே வழக்கமான உத்தரவுகளை முன்கூட்டியே கணினியில் தொகுத்து வைத்திருந்தார்கள். நீங்களும் அதை வார்டு செவிலியர்களை உட்காரவைத்தே செய்யுங்கள்.

தாளை மட்டும் அடியோடு தடை செய்துவிடாதீர்கள். சர்வர் நின்றுபோனால் எழுத, அச்சிட்ட படிவங்கள் ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டும்.